பால் பவுடர் டப்பாவுக்குள்ள தாய்ப்பால் இருக்கா? பெப்டைடு சொல்லும் பதில்

நம்ம விருதுநகர் மாவட்டத்துல பால்னு சொன்னாலே முதல்ல ஞாபகத்துக்கு வர்றது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான். 2019இல் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஆனா இந்தக் கட்டுரை இன்னொரு பால் பொருளைப் பத்தினது: மெடிக்கல் ஷாப்ல விற்கிற குழந்தைப் பால் பவுடர்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம்னு வேலைக்குப் போற அம்மாக்கள் ஏராளம். கைக்குழந்தையைப் பட்டாசு ஆலைக்குள்ள தூக்கிட்டுப் போக முடியாது, போகவும் கூடாது. பகல்ல குழந்தை ஆச்சிகிட்ட இருக்கும். பக்கத்துல ஒரு பவுடர் டப்பா இருக்கும். "தாய்ப்பால்ல இருக்கிற எல்லாமே இதுலயும் இருக்குல்ல?" என்று வீட்டில் கேட்டால் என்ன பதில் சொல்வீங்க?

டப்பாவின் பின்பக்கத்தைப் படிச்சா ஆமான்னுதான் தோணும். புரதம், கொழுப்பு, கால்சியம், இரும்புச்சத்து எல்லாம் வரிசையா இருக்கும். அந்தப் புரதம் குழந்தையின் வயிற்றில் எந்தெந்த இடத்தில் வெட்டுப்படும் என்பது மட்டும் அதில் இருக்காது. விஷயமே அங்கதான் இருக்கு.

புரதம் ஒரு சரவெடி

புரதத்தைச் சரவெடி மாதிரி நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு வெடியும் ஒரு அமினோ அமிலம். பசும்பாலில் உள்ள பீட்டா கேசீன் என்ற புரதத்தில் 209 அமினோ அமிலங்கள் கோத்திருக்கு. செரிமான நொதிகள் இந்தச் சரத்தை வெட்டும்போது சின்னச் சின்னத் துண்டுகள் விழும். அதுதான் பெப்டைடு. சில துண்டுகள் வெறும் உணவா இல்லாம, உடம்புல தனியா ஒரு வேலையும் செய்யும். அவற்றை உயிர்ச்செயல் பெப்டைடுகள் என்கிறோம். மூன்று உதாரணம் பார்ப்போம்.

1. கேசீன் பாஸ்போபெப்டைடு: கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு, அது குடலில் படிஞ்சு வீணாகாமல் கரைசலாகவே வைத்திருக்கும்.

2. லாக்டோஃபெரிசின்: லாக்டோஃபெரின் புரதத்தை வயிற்றில் சுரக்கும் பெப்சின் வெட்டும்போது கிடைக்கும். பசும்பாலிலிருந்து வருவது 25 அமினோ அமில நீளம். பாக்டீரியாவின் மேல்சவ்வைச் சிதைக்கும்.

3. பீட்டா கேசோமார்ஃபின்-7: வெறும் 7 அமினோ அமிலம். ஓபியாய்டு ஏற்பிகளில் ஒட்டும். 'ஏ2 பால்' விளம்பரங்களுக்குப் பின்னாடி இருக்கிற ஆள் இவர்தான். ஆனா, இது நோயை உண்டாக்குகிறது என்பதற்குக் காரண–விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் சொல்லிவிட்டது.

சரமும் வேற, கத்தரிக்கோலும் வேற

பசும்பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன், 20 சதவீதம் வே புரதம். (பால் திரியும்போது பிரியும் தெளிந்த நீரில் இருப்பதுதான் வே.) தாய்ப்பாலில் வே சுமார் 60, கேசீன் 40. அதனால பவுடர் தயாரிப்பவர்கள் கூடுதலா வே சேர்த்து விகிதத்தைச் சரி பண்ணுவாங்க. விகிதம் சரியாகும், சரம் மாறாது. பசும்பால் வேயில் அதிகம் இருப்பது பீட்டா லாக்டோகுளோபுலின். தாய்ப்பாலில் அந்தப் புரதமே கிடையாது. சரத்தின் வரிசை வேறயா இருந்தா, விழுற துண்டும் வேறயாத்தான் இருக்கும்.

அடுத்தது கத்தரிக்கோல். பிறந்த குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு; பெப்சின் மெதுவாத்தான் வேலை செய்யும். அதுக்கு ஈடாக, தாய்ப்பால் தன் கத்தரிக்கோலைத் தானே கொண்டு வருது. பிளாஸ்மின் போன்ற நொதிகள் மார்பகத்திலேயே புரதத்தை வெட்ட ஆரம்பிச்சிடும். குழந்தை வாயில் போகும்போதே அந்தப் பாலில் பெப்டைடுகள் இருக்கும். பவுடர் தயாரிப்பில் சூடுபடுத்தி உலர்த்துறதால இந்த மாதிரி நொதிகள் பெரும்பாலும் செயலிழந்துடும்.

பால்கோவா கிண்டும்போது நிறம் மாறுறதைப் பார்த்திருப்பீங்க. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை, புரதத்தின் லைசின் மீது ஒட்டிக்கொள்ளும் மெய்லார்ட் வினைதான் அதுக்குக் காரணம். பவுடர் தயாரிப்பிலும் இது ஓரளவு நடக்கும். குடலில் உள்ள டிரிப்சின் நொதி லைசின், ஆர்ஜினின் இருக்கும் இடத்தில்தான் வெட்டும். லைசின் மேல சர்க்கரை உட்கார்ந்துட்டா அந்த இடத்துல வெட்டு விழாது. பால்கோவாவுக்கு ருசி தர்ற அதே வினை, பவுடரில் செரிமானத்துக்குக் குறுக்க நிக்குது.

வெட்டியே விற்கலாமே?

எருமைப்பாலைப் பவுடராக்க முடியாதுன்னு வெளிநாட்டு நிபுணர்கள் சொன்ன காலம் ஒன்று உண்டு. 1950களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில், இயக்குநர் வி. சுப்ரமணியன் காலத்தில், எருமைப்பாலிலிருந்தே குழந்தை உணவு தயாரிக்கும் முறை உருவானது. அமுல் அதை ஆலை அளவில் தயாரித்தது. அதனால, பவுடர் பின்னால் இருக்கும் பொறியியலைக் குறைச்சு மதிப்பிட முடியாது.

இப்போ புரதத்தை முன்கூட்டியே வெட்டிய பவுடரும் இருக்கு. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு, நன்றாகப் பொடியா வெட்டிய வகையை டாக்டர் எழுதித் தருவார். நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அந்தப் புரதம் பெரும்பாலும் அடையாளம் தெரியாது. குடிச்சா கசக்கும். ஆனா பொடியா வெட்டும்போது பயனுள்ள துண்டுகளும் சேர்ந்தே சிதையலாம். இந்த வகைகள் எல்லாக் குழந்தைக்கும் ஒவ்வாமை வராமல் தடுக்கும் என்பதற்கு, 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு உறுதியான ஆதாரம் எதையும் காணவில்லை. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே கூடாது.

அப்போ வீட்ல என்ன சொல்றது?

பவுடர் விஷம் இல்ல; பல குழந்தைகளுக்கு அது அவசியம். ஆனா தாய்ப்பாலுக்குச் சமமும் இல்ல. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அக்காவோ மதினியோ வேலைக்குப் போறாங்கன்னா, பாலைப் பீய்ச்சி சுத்தமான பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரிக்குள்தான். நம்ம ஊர் வெயிலுக்கு அது ஆகாது. ஆலையிலிருந்து வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, உடை மாத்திட்டுப் பால் கொடுக்கணும்.

பவுடர்தான்னா, டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல தண்ணி சேர்க்கவே கூடாது. மிச்சம் பிடிக்கத் தண்ணியைக் கூட்டினா, குறையறது குழந்தையோட புரதம். ஒரு வயசுக்குள்ள பவுடருக்குப் பதிலா பசும்பாலும் வேண்டாம். அதில் புரதம் தாய்ப்பாலைப் போல சுமார் 3 மடங்கு. பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது பாரம். இரும்புச்சத்தோ குறைவு.

கடைசியா ஒன்னு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் 2 பாலூட்டும் இடைவேளை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்று சட்டம் இருக்கு. நம்மில் பலர் நாளைக்கு இதே பகுதியில் ஆலைப் பொறியாளரா உட்காரப் போறோம். பிளான்ட் லேஅவுட் வரையும்போது, வெடி அறைகளிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் ஒரு காப்பகம், கை கழுவ ஒரு இடம், ஒரு ஃபிரிட்ஜ் — இதையும் சேர்த்து வரைஞ்சிடுங்க.