கத்தரித் தோட்டத்தின் ஓரத்திற் காயாமரம்

கத்தரி நன்றாகப் பூக்கின்றது, ஆனாற் காய் பிடிக்கவில்லை என்னும் முறைப்பாடு உலர்வலயத்துக் கமக்காரரிடமிருந்து அடிக்கடி வருவதொன்றாகும். நீர்க்குறைவு, கடும் வெப்பம், யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுதல் ஆகியவற்றாற் பூ உதிருமென்பதைப் பலரும் அறிவர். மகரந்தம் சேராமையாலும் பூ உதிரும் என்பதையும், அதனைச் சேர்ப்பிக்கும் பூச்சிகள் எவை, அவை எங்கே வாழ்கின்றன என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அப்பூச்சிகளைத் தோட்டத்தின் அருகே நிறுத்திவைக்க உதவும் நமது நாட்டுச் சிறுமரமாகிய காயாவைப் பற்றி இங்கு கூறுவோம்.

சில போகங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு கமக்காரரின் தாயார், உதிர்ந்த கத்தரிப் பூக்களைச் சுளகில் அள்ளிவந்து, "தம்பி, இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?" என்று எம்மிடம் வினவினார். பூக்களைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு பகுதி குறுகிய சூல்தண்டு உடையவை. கத்தரியில் இத்தகைய பூக்கள் இயல்பாகவே தோன்றும். அவற்றின் சூல்முடி மகரந்தப்பைகளுக்குள் ஒளிந்து கிடப்பதால், யாது செய்தாலும் அவை பெரும்பாலும் காய்ப்பதில்லை. எஞ்சியவை நீண்ட சூல்தண்டு கொண்ட நல்ல பூக்கள். அவற்றின் மகரந்தப்பைகளை ஒரு கறுத்தத் துணியின்மேற் பிடித்து நகத்தாற் சுண்டியபோது மஞ்சள் நிறத் தூள் கொட்டியது. அஃதாவது, காய்க்க வேண்டிய பூக்கள் எவராலும் தீண்டப்படாமலே உதிர்ந்திருந்தன.

தோட்டத்தைச் சென்று பார்த்தபோது காரணம் புலப்பட்டது. வாய்க்காலுக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த பற்றைக்காட்டை, கால் ஏக்கர் நிலம் கூடுதலாகக் கிடைக்குமென்று மகன் முந்திய ஆண்டில் வெட்டி எரித்திருந்தார். தண்டும் காயும் துளைக்கும் புழுவுக்கு அஞ்சி, மூன்று நாளைக்கொரு முறை காலை ஏழு, எட்டு மணிக்குக் கிருமிநாசினியும் தெளித்து வந்தார். "அந்தப் பத்தையை வெட்டாதை எண்டு நான் சொன்னனான். சின்னப் பிள்ளையிலை நாங்கள் காயாப்பழம் பிடுங்கினது அதுக்குள்ளைதான்" என்றார் தாயார்.

கத்தரிப் பூவின் அமைப்பை அறிந்தால் இதன் தொடர்பு விளங்கும். பூசணிப் பூவிலே மகரந்தம் வெளியே படிந்திருக்கும். எந்தத் தேனீயும் அதில் உருண்டு செல்லலாம். கத்தரியில் அவ்வாறன்று. மகரந்தம் மஞ்சட் குழல் போன்ற பைகளுக்குள் அடைபட்டிருக்க, ஒவ்வொரு பையின் நுனியிலும் சிறு துவாரங்கள் மாத்திரம் உள. உப்புப் போத்தலைக் குலுக்கினாற்போலப் பூவைக் குலுக்கினாலன்றித் தூள் தாராளமாக வெளிப்படாது. காற்றும் ஓரளவு இதனைச் செய்கின்றது. ஆகையாற் பூச்சியே இல்லாத தோட்டத்திலும் சில காய்கள் பிடிக்கும். ஆனால் இவ்வேலைக்கென்றே அமைந்தவை சில காட்டு வண்டுகளும் தேனீக்களுமாம். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டிகளையுடைய ஒருவகைத் தனித்தேனீயும் இவற்றுட் சில. இவை பூவைக் கௌவிப் பிடித்துக்கொண்டு, சிறகை அசையாது வைத்தபடியே பறக்குந் தசைகளை மட்டும் அதிரச் செய்யும். காலைவேளையிற் கத்தரிப் பாத்தியில் நின்று செவிகொடுத்தால் அந்த ரீங்காரம் பறக்கும் ஒலியிலிருந்து வேறுபட்டுக் கேட்கும். பெட்டியில் வளர்க்கும் நமது தேனீக்கு இவ்வித்தை கைவராது. எனவே கத்தரிக்கும் தக்காளிக்கும் தேனீப் பெட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுதல் கூடாது. பூசணி, பாகல் முதலியவற்றுக்கு அது நன்று.

இக்காட்டு வண்டுகளைப் பெட்டியில் அடைத்து வளர்த்தல் எளிதன்று. கத்தரி பூக்காத மாதங்களிலும் அவற்றுக்கு உணவும் கூடுகட்ட இடமும் வேண்டும். அதனை அளித்து வந்தது பற்றைக்காடே. அதிலும் காயாவுக்குத் தனிச் சிறப்புண்டு.

காயாவைச் சிங்களத்திற் கோரகஹ என்பர். பாலை, வீரை முதலிய பெருமரங்களின் கீழே, அரைநிழலில், சிறுமரமாகவோ பெரும் பற்றையாகவோ இது வளரும். இலைகள் எதிரெதிராய், தடித்து, பளபளப்பாயிருக்கும். இலையிலிருந்து மஞ்சட் சாயம் எடுப்பதுண்டு. மரம் மிக வைரமானது. பூக்கள் இலைகளின் கீழுள்ள பழைய கொப்புகளிற் கொத்துக்கொத்தாக வெடித்துக் கிளம்பும். அந்நாட்களில் மரம் முழுவதும் நீலம் போர்த்தினாற் போன்றிருக்கும். திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் காயாம்பூவை உவமை கூறியதன் பொருத்தத்தை அப்போது காணலாம். இப்பூவை நாடும் வண்டுகள் பெரிதும் மகரந்தத்துக்காகவே வருகின்றன. கத்தரிப் பூவைக் குலுக்கும் கருவண்டும் நீலப்பட்டித் தேனீயும் அவற்றுட் சேரும்.

ஒரு குறையையும் மறைத்தலாகாது. காயா பூக்கும் காலம் குறுகியது. ஆகவே அதனைத் தனியே நடுதல் போதாது. நீண்ட காலம் பூக்கும் ஆவரசு, நொச்சி, குருந்து, கறிவேப்பிலை என்பவற்றை இடையிடையே நடல் வேண்டும். இவற்றுள் ஆவரசை முதலிற் குறிப்பிடுவோம். அதன் மகரந்தப்பையும் குலுக்கித் திறக்க வேண்டியதே, விரைவிற் பூப்பதும் அதுவே.

விதை பற்றி எமது அனுபவமொன்று. முதன்முறை காயாப்பழங்களைச் சேர்த்து, நெல் விதையைப் போல் நன்றாக வெயிலில் உலர்த்திப் போத்தலில் அடைத்து, மாரி தொடங்கியதும் விதைத்தோம். ஒன்றேனும் முளைக்கவில்லை. பிழை எம்முடையதே. பழம் கருநீலமாகக் கனிந்தவுடன் பறித்து, சதையைக் கசக்கிக் கழுவி, தாமதியாது பைகளில் விதைத்தல் வேண்டும். காட்டு மேல்மண்ணும் மணலும் கலந்த கலவையை உயரமான பைகளில் நிரப்பி, கிடுகுப் பந்தலின் கீழ் வைத்து, ஈரம் காயாமற் பார்த்துக்கொள்க. வளர்ச்சி மிக மெதுவானது; முதலாண்டிற் கன்று சாண் உயரங்கூட வராதிருக்கலாம். பொறுமையிழந்து காட்டிலே கன்று பிடுங்க முற்படவேண்டாம். ஆணிவேர் அறுந்து அவை பட்டுப்போகும். ஒதுக்கக் காடுகளிற் பிடுங்குவது சட்டப்படி குற்றமுமாகும்.

இரண்டு பருவம் பையில் வளர்ந்த கன்றுகளைப் பெரும்போக மழை நிலைத்தபின், மேட்டுக்காணியின் எல்லையிலோ வாய்க்காற் கரைக்கு அப்பாலோ, பத்தடி இடைவெளியில் நடுக. நீர் தேங்கும் இடம் ஆகாது. குளக்கட்டில் ஒருபோதும் நடவேண்டாம். வேர் சென்ற வழியே கட்டில் நீர் கசியக்கூடும். முழு நிழலிற் பூ குறையுமாதலால், காலை வெயில் படும் இடமே சிறந்தது. முதல் இரு கோடைகளிலும் சருகு மூடாக்கு இட்டு, ஆடு மாடு கடியாமல் முள் அடைக்கவேண்டும்.

கூடுகட்டும் இடத்தையும் கவனியுங்கள். கருவண்டு பட்ட மரத்திலும் உலர்ந்த மூங்கிலிலும் துளையிட்டு வாழும். நீலப்பட்டித் தேனீ மண்ணிலே, பெரும்பாலும் சரிவான கரைகளிலும் பழைய மண்சுவரிலும் வளை தோண்டும். எல்லையோரத்தில் ஒரு முழம் அகல நிலத்தை உழாது விடுவதும், பட்ட கொப்புகளை எல்லாம் விறகாக்காது இரண்டொன்றை நிறுத்துவதும் செலவற்ற உதவிகள். துளைப்புழு தாக்கி வாடிய குருத்துகளைக் கிழமைதோறும் வெட்டி அழித்தால் மருந்தின் தேவை குறையும். அதன் பின்னும் தெளிக்க நேரின், வண்டுகள் தோட்டத்தை விட்டகன்ற மாலையிலே தெளிக்கவும்.

நெல் மாத்திரம் விதைப்பவர், "எமக்கு இதனால் என்ன பயன்?" என வினவலாம். நெல்லின் மகரந்தச் சேர்க்கைக்கு வண்டு வேண்டியதில்லை, உண்மை. எனினும் பூக்களின் தேனை உண்டு, தத்திகளின் முட்டைகளை அழிக்கும் நுண்ணிய குளவிகள் உள. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய நாடுகளில் எள்ளு முதலிய பூச்செடிகளை வயல் வரம்புகளில் வளர்த்துச் செய்த ஆய்வு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே கிருமிநாசினித் தெளிப்பு 70 வீதம் குறைந்தும், விளைச்சல் 5 வீதம் கூடியும் காணப்பட்டது. வரம்புக்கு எள்ளு, மேட்டுக்குக் காயா எனக் கொள்ளலாம்.

வன்னித் தோட்டத்தில் மறுபோகம் காய்ப்புத் தேறியது. மாலையிலே மருந்து தெளித்ததாலோ அவ்வாண்டின் நல்ல மழையாலோ என்று பிரித்துரைத்தல் இயலாது. வெட்டிய கால் ஏக்கரில் ஒரு கீலத்தை மகன் திரும்பவும் விட்டுக்கொடுத்து, பதினான்கு காயாக் கன்றுகளை நட்டார். மூன்று பட்டுப்போயின. எஞ்சியவை இப்போது முழங்கால் உயரம். பூக்க இன்னும் சில ஆண்டுகள் செல்லும். அவற்றினிடையே நட்ட ஆவரசு பூத்துவிட்டது. காலையிற் கருவண்டுகள் அங்கே வருகின்றன.