பிறந்த மாதமும் விளையாட்டுத் தெரிவும்: பின்வரிசையில் நிற்கும் தோட்டப்புறச் சிறுவர்கள்

பிறந்த மாதம் ஒருவரது விளையாட்டு வெற்றியைப் பாதிக்கின்றது என்று கூறினால், அது வாரப் பத்திரிகைகளின் இராசிபலன் பகுதிக்குரிய சமாசாரம் என்றே பலரும் எண்ணுவர். இங்கு பேசப்படுவது நட்சத்திரமோ கிரகநிலையோ அல்ல. வயதுப் பிரிவுகளை வகுக்கும்போது அதிகாரிகள் குறிக்கும் எல்லைத் திகதி பற்றியதே இவ்விடயம். காகிதத்தில் எழுதப்படும் அத்திகதி எத்தனையோ பிள்ளைகளின் விளையாட்டு வாழ்வைத் தொடங்குமுன்னரே முடித்துவிடுகின்றது.

அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளை பகுதிகளிலுள்ள எந்தவொரு தோட்டப் பாடசாலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் அமைந்த கட்டடம். சமதரை என்று சொல்லத்தக்கது முன்முற்றம் மாத்திரமே. இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் வலய மட்டப் போட்டிக்கு அணி அனுப்பவேண்டும். அஞ்சலோட்டத்திற்கு நால்வர், உதைபந்தாட்டத்திற்குப் பதினொருவர். பொறுப்பாசிரியர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்க்கின்றார். உயரமானவனும் தோள் அகன்றவனும் முன்னே அழைக்கப்படுகின்றனர். சிறுத்த உடம்புக்காரன் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்ற சொல்லுடன் வகுப்பறைக்குத் திரும்புகின்றான். ஆசிரியரைக் குறைகூற முடியாது. அடுத்த வாரம் போட்டி. கையிலுள்ளதைக் கொண்டு வெல்லவேண்டிய நிலையில் எவரும் அப்படித்தான் செய்வர்.

ஆயினும் கணக்கைச் சற்று நோக்குவோம். ஜனவரி முதலாம் திகதியை எல்லையாகக் கொண்ட பிரிவொன்றில், ஜனவரி 2ஆம் திகதி பிறந்தவனும் அதே ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி பிறந்தவனும் ஒரே வயதினராகவே கொள்ளப்படுவர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு மாதங்கள். பத்து வயதில் அது வாழ்நாளின் பத்திலொரு பங்கு. உயரம், எடை, ஓட்டவேகம், சொன்னதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அனைத்திலும் அந்த இடைவெளி தெரியும். எமது பாடசாலைகளில் வயதுப் பிரிவுகள் ஈராண்டுக்கு ஒன்றாக வகுக்கப்படுவதால், ஒரே கோட்டில் நிற்கும் இருவருக்கிடையில் இரண்டு வருட வித்தியாசம்கூட இருக்கலாம். முதிர்ந்தவன் திறமைசாலி எனத் தெரிவாகின்றான். தெரிவானதால் பயிற்சி பெறுகின்றான். பயிற்சி பெற்றதால் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகின்றான். தொடக்கத்தில் வயதின் தோற்றமாக இருந்தது ஐந்தாறு வருடங்களில் மெய்யான வேறுபாடாக மாறுகின்றது.

இதனை முதன்முதலில் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர்கள் கனடா நாட்டவர்கள். 1980களின் நடுப்பகுதியில் அல்பேர்ட்டா மாகாணத்தின் லெத்பிரிட்ஜ் நகரில் ஐஸ் ஹொக்கி ஆட்டமொன்றைப் பார்க்கச் சென்ற போலா பார்ன்ஸ்லி என்ற பெண்மணி, நிகழ்ச்சிநிரலில் அச்சிடப்பட்டிருந்த வீரர்களின் பிறந்த திகதிகளைத் தற்செயலாக வாசித்தார். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்றே பெயர்கள் நீண்டன. உளவியலாளரான அவரது கணவர் ரொஜர் பார்ன்ஸ்லி ஏனைய அணிகளின் பட்டியல்களையும் எண்ணிப்பார்த்தார். உயர்மட்ட ஹொக்கி வீரர்களுள் ஏறக்குறைய 40 வீதத்தினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களிலும், சுமார் 10 வீதத்தினர் மாத்திரமே கடைசி மூன்று மாதங்களிலும் பிறந்திருந்தனர். கனடாவில் அவ்விளையாட்டின் எல்லைத் திகதி ஜனவரி முதலாம் திகதியாகும்.

குளிர்காலத்தில் பிறப்பதில் ஏதோ விசேடம் உண்டு என வாதிடுவோரும் இருந்தனர். இங்கிலாந்தில் பிரிவுகள் செப்டெம்பரில் தொடங்குவதால், அங்கு உதைபந்தாட்ட வீரர்கள் செப்டெம்பரை அடுத்த மாதங்களில் பிறந்தோராகவே மிகுந்திருந்தமை 1994இல் வெளியான ஆய்வொன்றில் காட்டப்பட்டது. பெல்ஜியம் 1997இல் தனது எல்லைத் திகதியை ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து ஜனவரி முதலாம் திகதிக்கு மாற்றியது. இளையோர் அணிகளில் அதுவரை அதிகமாகக் காணப்பட்ட ஓகஸ்ட், செப்டெம்பர் பிறப்பினர் குறைந்து, ஜனவரி, பெப்ரவரி பிறப்பினர் பெருகினர். காலநிலை மாறவில்லை, கிரகங்களும் இடம்பெயரவில்லை. திகதி மட்டுமே மாறியது.

எமது நாட்டுக் கிரிக்கெட்டிலும் சிந்தனைக்குரிய இரு உதாரணங்கள் உள. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தின் எல்லைத் திகதி செப்டெம்பர் முதலாம் திகதியாகும். 2004இல் பங்களாதேஷில் நடைபெற்ற அப்போட்டியில் இலங்கைக்குத் தலைமை தாங்கிய பர்வீஸ் மஹ்ரூப் 1984 செப்டெம்பர் 7ஆம் திகதி பிறந்தவர். ஒரு வாரம் முந்தியிருந்தால் அவர் அத்தொடரில் ஆடியிருக்கவே முடியாது. அப்போட்டியில் பங்குகொள்ளத் தகுதியுடையோருள் மிக மூத்தவர்களில் ஒருவராக அவர் இருந்தார். அடுத்த 2006ஆம் ஆண்டுத் தொடரின் தலைவர் அஞ்சலோ மெத்யூஸோ 1987 ஜூன் 2ஆம் திகதி பிறந்தவர். அதாவது தனது பிரிவின் பத்தாவது மாதக்காரர். மஹ்ரூப் 22 டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். மெத்யூஸ் 2025இல் டெஸ்டிலிருந்து ஓய்வுபெறும்போது 119 போட்டிகளை நிறைவு செய்திருந்தார்.

இவ்விரு பெயர்களைக் கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது. மஹ்ரூபின் திறமை திகதியால் வந்ததென்று சொல்வது அநியாயமாகும். அவரது பந்துவீச்சைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். மாதத்தின் செல்வாக்கு பெருந்தொகைப் பட்டியல்களில் மாத்திரமே புலப்படும். ஆனால் பிந்திய மாதத்தில் பிறந்தும் வடிகட்டப்படாமல் தப்பியவர்கள், பெரியவர்களுடன் மோதியே வளர்ந்தமையால் பிற்காலத்தில் ஈடாகவோ மேலாகவோ பிரகாசிப்பதுண்டு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியாயின் தப்பாமற் போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியே எஞ்சுகின்றது.

இக்கேள்வி ஊவாத் தோட்டங்களில் கூடுதல் கனம் பெறுகின்றது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் அது சுமார் 32 வீதம். மூவரில் ஒரு பிள்ளை, பிறந்த மாதம் எதுவாயினும், ஏற்கனவே தன் வயதைவிடச் சிறியதாகத் தோன்றும் உடலுடனேயே மைதானத்திற்கு வருகின்றது. அப்பிள்ளை பிரிவின் கடைசி மாதங்களில் பிறந்ததாகவும் இருந்துவிட்டால், நகரப் பாடசாலை மாணவனின் பக்கத்தில் நிற்கும்போது இரண்டு மூன்று வயது இளையதெனவே எவருக்கும் தோன்றும். வலய மட்டத்தில் அது விலக்கப்பட்டால் மாகாண மட்டமோ அகில இலங்கை மட்டமோ அதற்குக் கனவாகவே முடியும். நகரத்துப் பிள்ளைக்குக் கழகம் உண்டு, தனியார் பயிற்றுவிப்பாளர் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடசாலை அணி ஒன்றே வாசல்.

பெண்பிள்ளைகள் விடயம் சற்று வேறானது. அவர்களிடையே இம்மாதச் செல்வாக்கு பலவீனமாகவே காணப்படுகின்றது. ஆனால் முந்தி வளர்ந்த சிறுமி அணியில் இடம்பிடிக்கும் அதே வயதில் பருவமடைந்து, அதன்பின் வீட்டாரால் மைதானத்திலிருந்து விலக்கப்படுவதும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் நடக்கின்றது. இது தனியே எழுதவேண்டிய கதை.

உடற்பருமன் எல்லாவற்றுக்கும் விடையல்ல என்பதற்கு முத்தையா முரளிதரன் அருகிலுள்ள சாட்சி. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரனான அவர், கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் சுமார் 14 வயதுவரை மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். பயிற்றுவிப்பாளரின் ஆலோசனைப்படியே சுழற்பந்துக்கு மாறி, 2010இல் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வுபெற்றார். வேகத்தை மட்டுமே அளந்து பார்த்திருந்தால் அந்த 14 வயதுச் சிறுவன் எங்கே போயிருப்பான் என்று எண்ணிப்பார்க்கலாம்.

பரிகாரம் செலவு மிக்கதல்ல. நெதர்லாந்தில் மேற்கொள்ளப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றில், திறமை தேடுவோரில் ஒரு பகுதியினரிடம் சிறுவர்களின் பிறந்த திகதிப் பட்டியல் கொடுக்கப்பட்டது. அவர்கள் அப்போதும் மூத்தவர்களையே தெரிவுசெய்தனர். இன்னொரு பகுதியினர் பார்த்த ஆட்டத்தில், சீருடை இலக்கங்கள் வயது வரிசைப்படி வழங்கப்பட்டிருந்தன. அப்போது அந்தச் சாய்வு மறைந்தது. ஓடும் பிள்ளையின் முதுகிலேயே அதன் வயது தெரிந்ததனால் கண் தன்னைத் திருத்திக்கொண்டது. அப்புத்தளைப் பாடசாலைகளில் சீருடை இல்லாவிடில், காகிதத்தில் இலக்கம் எழுதி ஊசியால் குத்தினாலும் போதும்.

அதற்கு முன் செய்யக்கூடிய வேலை இன்னும் எளிது. வலய, மாகாணப் போட்டிகளுக்குச் சமர்ப்பிக்கப்படும் ஒவ்வொரு பெயர்ப்பட்டியலிலும் பிறந்த திகதி எழுதப்பட்டேயுள்ளது. கடந்த சில ஆண்டுகளின் பட்டியல்களை எடுத்து, மாதவாரியாக எண்ணிப்பார்க்க இரு ஆசிரியர்களுக்கு ஒரு மாலைப்பொழுதே வேண்டும். போலா பார்ன்ஸ்லி செய்ததும் அதைத்தான்.