இனிப்பு நீரும் நாமும் – 11: கிளிக் எண்ணும் விரல்

சிலாங்கூர் ஆற்றில் மின்மினி பார்க்க கம்போங் குவாந்தானுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே துடுப்புப் படகுதான். இயந்திரச் சத்தம் இருக்காது. ஏறியதும் கைபேசி விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவார்கள். கரையில் நிற்கும் பெரெம்பாங் மரங்களில் பூச்சிகள் ஒன்றுபோல விட்டுவிட்டு மின்னும்.

என் பெரியப்பா புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர். வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் மின்மினி காட்ட அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். ஒரு பள்ளி விடுமுறையில் நாங்கள் எல்லோரும் படகில் "அதோ, அதோ" என்று கத்திக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்: "எங்கய்யா? எனக்கு மரமே தெரியலையே."

அதற்கு முந்தைய ஆண்டுதான் அவருடைய இரண்டு கண்களுக்கும் லேசர் வைத்திருந்தார்கள். லேசர்தான் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று அன்று வீட்டில் பேசிக்கொண்டோம். அது தவறு என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. சர்க்கரை ஏறி ஏறி விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டபின், அந்த இடத்தில் நோஞ்சான் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. அவை வெடித்து ரத்தம் கசிந்தால் பார்வை போய்விடும். அதைத் தடுக்க விழித்திரையின் ஓரங்களை லேசரால் சுடுகிறார்கள். நடுப்பார்வையைக் காக்க ஓரப்பார்வையிலும் இருட்டுப் பார்வையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1976இலேயே அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. பெரியப்பா சிகிச்சைக்குப் போனதே தாமதம். வலி இல்லை, எரிச்சல் இல்லை, எதற்குக் கண் டாக்டர் என்று இருந்துவிட்டார். அந்தப் படகுப் பயணத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளில் அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிஞ்சின.

கண்ணை எப்படிக் காப்பது என்று சென்ற வாரம் எழுதினேன். கண் போனபின் இனிப்பு நீரோடு, அதாவது நீரிழிவோடு, எப்படி வாழ்வது என்று நம்மிடையே யாரும் பேசுவதில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

பார்வை போன வாரமே பெரியப்பாவின் இன்சுலின் பேனா அவர் கையை விட்டுப் போனது. "இனிமே மகன்தான் போடணும்" என்று அவர் போய்வந்த இடத்தில் ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் என்றால் ஐந்தரைக்கே ஊசியைப் போட்டுவிட்டுக் கிளம்புவார். பெரியப்பா பசியாறுவது எட்டு மணிக்கு. ஒருநாள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாசல்படியில் உட்கார்ந்தபடியே சாய்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதால் பிழைத்தார். அண்ணனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவே அவ்வளவு நேரம் விழும்படி எல்லோருமாகச் சேர்ந்துதானே ஏற்பாடு செய்தோம்? நீங்களே போட்டுக்கொள்ளப் பழகுகிறீர்களா என்று அந்த மனிதரை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் பிரிக்ஃபீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிடும் பார்வையற்ற தமிழர் ஒருவர். அவருக்கும் இனிப்பு நீர் உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. வெள்ளைக்கோலோடு சாலை கடக்கிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். முழங்கால் வலிக்காகப் பெரியப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். பேச்சு ஊசிப் பக்கம் திரும்பியது. அவர் தன் பேனாவை எடுத்துப் பெரியப்பா கையில் வைத்துச் சொன்னார்: "திருகிப் பாருங்க ஐயா. சத்தம் கேக்குதா? ஒரு கிளிக், ஒரு யூனிட்."

பெரும்பாலான பேனாக்களில் கணக்கு அதுதான். இருபது யூனிட் வேண்டுமானால் இருபது கிளிக். காதும் கேட்கும், விரலும் உணரும். எண்ணிக்கை தவறினால் பூஜ்யத்துக்குத் திருப்பி முதலிலிருந்து எண்ண வேண்டும். பின்னோக்கித் திருப்பும்போதும் கிளிக் கேட்கும் என்பதால் நடுவில் சரிசெய்யப் பார்க்கவே கூடாது. ஊசிமுனையை மாட்டியதும் இரண்டு யூனிட் வெளியே விட்டுப் பார்க்கிறோம் அல்லவா, அந்தத் துளியை விரல் நுனியில் வாங்கலாம். இன்சுலினுக்கு ஆஸ்பத்திரி வாடை ஒன்று உண்டு, மூக்கும் சாட்சி சொல்லும். கலங்கலான இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்க்க வேண்டும். கலந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாதவர் எண்ணிக்கையை நம்பலாம். குத்தி, பொத்தானை முழுதாக அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது.

இரண்டு வகை இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஆபத்து மாற்றிப் போடுவதில் இருக்கிறது. ராத்திரி பேனாவுக்கு மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றிவையுங்கள். வைக்கும் இடமும் வேறாக இருக்கட்டும்.

மருந்து தீர்ந்தது எப்படித் தெரியும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மூன்று மில்லி குப்பியில் 300 யூனிட் இருக்கும். ஒரே பேனாவில் காலை 20, இரவு 10, ஒவ்வொரு முறையும் வெளியே விடும் 2 என்றால் நாளுக்கு 34. எட்டு நாளில் 272 போய்விடும், ஒன்பதாம் நாளுக்கு முழுதாகக் காணாது. ஆக, எட்டு நாள் முடிந்ததும் புதுக் குப்பி. பெரியப்பா ஒரு டப்பாவில் எட்டுப் புளியங்கொட்டை போட்டு, தினம் ஒன்றை எடுத்துவைத்தார். பால்மரக் காட்டில் மரக்கணக்கு வைத்துப் பழகிய மனிதருக்கு இது பெரிய காரியமா?

ஒன்றை மறைக்கக் கூடாது. பார்வையில்லாதவர்கள் பயிற்சி பெற்ற ஒருவர் துணையில்லாமல் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை பேனாவோடு வரும் தாள்களில் இருக்கிறது. அது நியாயமான எச்சரிக்கை. அதனால் கிளினிக்கில் தாதி முன்னிலையில் பலமுறை செய்துகாட்டி, அவர் சரி என்ற பிறகே வீட்டில் தனியாகப் போட வேண்டும். பெரியப்பா அப்படித்தான் செய்தார். விரல்கள் மரத்துப்போனவர்களுக்கும் காது மந்தமானவர்களுக்கும் இந்த வழி ஒத்துவராது. அவர்களுக்கு ஆள் துணை வேண்டும்.

ரத்தம் சோதிக்கப் பேசும் கருவி இருக்கிறது, ஆங்கிலத்தில் எண்ணைச் சொல்லும். வாங்கும் முன் அலகைக் கேளுங்கள். நம் நாட்டில் மில்லிமோல், தமிழ்நாட்டில் மில்லிகிராம். இங்கே 7 என்றால் அங்கே 126, பதினெட்டால் பெருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த கருவி நூற்றைம்பது என்று சொன்னதும் மூச்சடைத்துப் போகாதீர்கள். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். பிரெய்ல் வாசிக்கும் விரலை விட்டுவிடுங்கள். திறன்பேசி இருந்தால் சாதாரணக் கருவியின் திரையைக் காட்டி 'பி மை ஐஸ்' செயலியில் யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லலாம். 2015இல் டென்மார்க்கில் தொடங்கியது, காசு கிடையாது. நான்குக்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். அந்தச் சர்க்கரை டப்பாவை வீட்டில் யாரும் இடம் மாற்றக் கூடாது. பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 1980களிலேயே நீரிழிவுக்காரர்களுக்கென்று 'வாய்ஸ் ஆஃப் த டயபெட்டிக்' என்ற தனி இதழை நடத்தத் தொடங்கியது. அதன் ஆசிரியர் எட் பிரையன்ட் நீரிழிவால் பார்வை இழந்தவர். நம் லயங்களுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வந்து சேர வேண்டிய தேவை நமக்குத்தான் அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. தேவை இவ்வளவு இருந்தும் பக்கத்தில் உதவ ஆள்தான் இல்லை. தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் டிரஸர் என்று ஒருவர் இருந்தார். ஊசி போட, புண் கழுவ, கூப்பிடு தூரத்தில் ஆள். தோட்டம் கைமாறி, ஜனம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறியபின் அந்த ஆள் இல்லை. பிள்ளைகள் ஷா ஆலமிலும் ரவாங்கிலும். கண் தெரியாத அறுபத்தைந்து வயதுக்காரருக்குக் கிளினிக் கட்டணம் ஒரு பொருட்டு இல்லை. போய்வரும் வாடகைக் காருக்கு எங்கே போவார்? ஒரு நாளில் இரண்டு வேளை ஊசிக்கு யாரைக் கூப்பிடுவார்?

பெரியப்பா அதற்குப் பிறகு ஆறு ஆண்டு இருந்தார். கடைசி மருத்துவமனை வாசம் வரை தன் ஊசியைத் தானே போட்டுக்கொண்டார்.

உங்கள் வீட்டில் பார்வை மங்கிய இனிப்பு நீர்க்காரர் இருந்தால், அடுத்த கிளினிக் தேதிக்கு அவருடைய பேனாவையும் கொண்டுபோங்கள். தாதியிடம் அவரையே எண்ணித் திருகிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், பேனா அவர் கையில் இருக்கட்டும்.

(அடுத்த வாரம்: பார்க்க முடியாத பாதத்தைக் கையால் சோதிப்பது எப்படி?)