குழாய்க் கசிவு: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

திண்டுக்கல் நகரத்துக்கு ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்தும் தண்ணீர் வருகிறது. தண்ணீர் விடும் நாளுக்குக் காத்திருந்து, தொட்டியை நிரப்பி, அடுத்த முறை வரும்வரை அளந்து செலவழிப்பது நம் வீடுகளின் வழக்கம். ஒளுச் செய்யும்போதுகூட தேவைக்கு மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் சேர்த்து வைத்த தண்ணீர் இராத்திரி முழுக்கச் சொட்டிப் போவதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சொட்டும் குழாயின் கீழே ஒரு கால் லிட்டர் டம்ளரை வைத்துப் பாருங்கள். 15 நிமிடத்தில் அது நிரம்பினால் ஒரு நாளைக்கு 24 லிட்டர், 30 நாளில் 720 லிட்டர் போகிறது. 15 லிட்டர் குடத்தில் அது 48 குடம்.

எங்கே கசிகிறது?

இஷாவுக்குப் பிறகு எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை அடையாளம் செய்யுங்கள். மோட்டார் போடாதீர்கள், குழாயையும் திறக்காதீர்கள். சுபுஹுக்கு எழுந்ததும் மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு. மறுநாள் இரவு தொட்டியை ஒட்டியுள்ள வால்வையும் மூடிவிட்டு இதையே செய்யுங்கள். அப்போதும் மட்டம் இறங்கினால் தொட்டியிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. இறங்காவிட்டால் வீட்டுக்குள் போகும் குழாயில் கோளாறு.

அடுத்து கழிவறையின் ஃப்ளஷ் தொட்டியைப் பாருங்கள். சத்தமில்லாமல் அதிகத் தண்ணீரைக் குடிப்பது அதுதான். அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். அழுத்தாமலே கோப்பையில் நிறம் தெரிந்தால், உள்ளே இருக்கும் ரப்பரை மாற்ற வேண்டும்.

நாமே செய்யக்கூடியவை

எதைக் கழற்றுவதானாலும் முதலில் வால்வை மூடுங்கள். பழைய பித்தளைக் குழாய் சொட்டினால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும். இறுக்கி இறுக்கி மூடினால் வாஷர் இன்னும் சீக்கிரம் தேயும். கால் சுற்றில் திறக்கும் புதிய வகைக் குழாயில் வாஷர் கிடையாது. அதன் உள்பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனால் அளவு தவறாது.

மரை இணைப்பில் கசிந்தால் பழைய டேப்பைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் புது டெஃப்லான் டேப்பைச் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது அவிழ்ந்துவிடும். பிவிசி குழாயில் விரிசல் விட்டால் எம்-சீல் பூசுவது அன்றைய அவசரத்துக்குத்தான். அந்தத் துண்டை வெட்டி மாற்றுவதே சரி.

வெந்நீர் வரும் இடம்

சாதாரண பிவிசி குழாய் சூடு பட்டால் இளகும். கீசருக்கு சிபிவிசி குழாயும் அதற்குரிய பசையும்தான் வேண்டும். கீசர் சூடாகும்போது அதன் பாதுகாப்பு வால்வில் சில சொட்டு விழுவது இயல்பு. எப்போதும் சொட்டினால் ஆளை அழைத்துக் காட்டுங்கள். எக்காரணம் கொண்டும் அந்த வால்வை அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் கூடினால் தொட்டி வெடிக்கும். கீசரின் அடிப்பாகத்திலேயே கசிந்தால் உள்தொட்டி அரித்திருக்கலாம். அதற்கு ஒட்டு நிற்காது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் கீசரின் உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியை அவ்வப்போது சோதித்து, தேய்ந்திருந்தால் மாற்றினால் தொட்டி நீடித்து உழைக்கும்.

ஈரச் சுவரிலோ குழாயிலோ கை வைத்தால் 'சுர்' என்று இழுக்கிறதா? மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தள்ளிப்போடக் கூடாத கசிவு

தெருக் குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு பல இடங்களில் சாக்கடையைக் கடந்து வருகிறது. தண்ணீர் விடும் நேரத்தில் அதிலுள்ள ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே போகும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே வரும். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த ஆபத்து இன்னும் கூடும். அது சட்டத்துக்கும் புறம்பானது. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வர வேண்டிய தண்ணீரையும் அது இழுத்துவிடும்.

மஞ்சள் காமாலை, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவை பரவுவதற்கு இது ஒரு முக்கிய வழி. ஆகவே முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். கலங்கலோ வாடையோ தெரிந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். மாநகராட்சியில் உடனே புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தெளிவாக வந்தாலும் குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடிப்பது நல்லது.

நம் வீட்டுக் கசிவு அடுத்த வீட்டுச் சுவரில் ஓதமாக இறங்கினால், அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே போய்ச் சொல்லிச் சரிசெய்து கொடுப்பதுதான் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமை. வாடகை வீட்டில் இருப்பவர்கள் கசிவைக் கண்ட அன்றே உரிமையாளரிடம் சொல்லுங்கள். இன்று ஒரு வாஷரோடு முடிகிற வேலை, தள்ளிப்போட்டால் சுவரை உடைக்கும் வேலையாகிவிடும்.