பழைய வீடு, குறைந்த பில்

"பெங்களூரில் ஃபேன் எதற்கு?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 டிகிரி செல்சியஸ் வெயில் கொளுத்தியதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கம் பழைய வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இப்போது கரண்ட் பில்லும் ஒரு கவலை.

2023ல் கர்நாடக அரசு 'கிருஹ ஜோதி' திட்டத்தைத் தொடங்கியபோது, மாதம் 200 யூனிட் வரை சலுகை என்றது. அதைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும் என்பது விதி. ஆகவே பத்து யூனிட் மிச்சமும் சின்ன விஷயமல்ல.

கூரையில் இருக்கிறது சூட்சுமம்

மங்களூர் ஓட்டு வீட்டில் கூரை உயரம். சூடான காற்று மேலே எழும்பி ஓட்டு இடுக்கிலும் வென்டிலேட்டரிலும் வெளியேறிவிடும். கனத்த சுவர் பகல் வெயிலைச் சீக்கிரம் உள்ளே விடாது. ஆனால் பலர் கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அட்டையை எடுத்துவிட்டுக் கம்பி வலை அடித்தால் போதும். ஓட்டை மாற்றித் தகர ஷீட் போடுவதோ, வெயிலை விலை கொடுத்து வாங்குவதுதான்.

மொட்டை மாடி வீடென்றால், கோடைக்கு முன் தளத்தில் இரண்டு கோட் சுண்ணாம்பு அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள்

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 22.5 யூனிட். புதிய பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். அதே நேரத்துக்கு 9 யூனிட்தான். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. இரண்டையும் மாற்றினால் மாதம் 21 யூனிட் மிச்சம்.

வாடகை வீட்டுக்கு எதற்குச் செலவு என்று தோன்றலாம். ஃபேனும் பல்பும் நம் சொத்து. காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம். கூரை மட்டும்தான் வீட்டுக்காரருடையது. ஒரே காம்பவுண்டில் நாலு குடித்தனம் இருந்தால், சேர்ந்து போய்க் கேட்கலாம். சுண்ணாம்புச் செலவில் ஆளுக்குக் கொஞ்சம் தருகிறோம் என்றால் மறுக்கும் வீட்டுக்காரர் குறைவு. கூரை காய்ந்தால் முதலில் வாடுவது, பகலெல்லாம் அதன் கீழே இருக்கும் பெண்களும் குழந்தைகளும்தானே!