பெருவழுதியைப் படித்த பத்திரிகை ஆசிரியர்

"இந்தக் காசு உங்ககிட்ட இருக்கா? நீங்க லட்சாதிபதி!" என்று ஒரு யூடியூப் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, பழைய இருபது பைசா, ஏதோ ஒரு வாட்ஸ்அப் நம்பர். பாதிப் பேர் சிரிச்சிட்டு ஸ்க்ரோல் பண்ணிடுவோம், மீதிப் பேர் பாட்டியோட டப்பாவைத் திறந்து பார்ப்போம். பழைய காசு என்றாலே "எவ்வளவுக்குப் போகும்?" என்பதுதான் முதல் கேள்வி. "அதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்ட ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பேரு இரா. கிருஷ்ணமூர்த்தி. வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, தினமலர் நாளிதழின் ஆசிரியர். அவரோட அப்பா டி.வி. ராமசுப்பையர் 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கின பத்திரிகை அது. 1933-ல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, 2021 மார்ச் 4-ம் தேதி காலமானார். தினசரி பத்திரிகை நடத்துறவருக்கு ராத்திரி எது, பகல் எது என்றே தெரியாது. அதுக்கு நடுவுல இவர் லென்ஸை வைச்சுக்கிட்டு துருப்பிடிச்ச செப்புத் துண்டுகளைப் பார்த்துட்டு இருந்தார்.

இதுல என்ன பெரிய விஷயம்? அந்தக் காலத்துல ஒரு சந்தேகம் பலமாவே இருந்தது. சங்க கால மூவேந்தர்கள் தங்கள் பேரில் காசு அடிச்சாங்களா? பாட்டுல பார்த்தா உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல்லு வாங்குறாங்க. கொங்கு நாட்டுப் பக்கம் தோண்டினா ரோமானிய வெள்ளிக் காசு குவியல் குவியலா கிடைக்குது. நம்ம ராஜா பேர் போட்ட காசு எங்கே? "ஒருவேளை அடிக்கவே இல்லையோ" என்று நினைச்சவங்க உண்டு.

1984-ல் கிருஷ்ணமூர்த்தி ஒரு சின்ன சதுரச் செப்புக் காசுல தமிழ்-பிராமி எழுத்தைக் கண்டுபிடிச்சார். ஒரு பக்கம் குதிரை, ஆமைகள், மேலே எழுத்து. மறுபக்கம் கோடுகளா வரைஞ்ச மாதிரி பாண்டியரோட மீன் சின்னம். எழுத்து: பெருவழுதி. வழுதி என்பது பாண்டியர் பட்டப்பேர். அந்த 'ழ'-வைக் கவனிங்க. வடக்கே பிராமியில அந்த ஒலிக்கு எழுத்தே கிடையாது, தமிழுக்காக உருவான எழுத்து அது. அதனால இது வெளியூர்க் காசு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

எந்தப் பெருவழுதி? பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று ஒருத்தர் புறநானூற்றில் இருக்கார். காசுல குதிரை இருக்கிறதால அவர்தான் என்று சொல்ல ஆசையா இருக்கும். ஆனா அந்தப் பட்டத்தோட வேற பாண்டியர்களும் உண்டு, குதிரையை மட்டும் வைச்சு முடிவு பண்ண முடியாது.

அதுக்கப்புறம் சேரர் காசுகள் வந்தது. கரூர் அமராவதி ஆத்து மணல்ல கிடைச்ச மாக்கோதை வெள்ளிக் காசுல ராஜாவோட தலையே பொறிச்சிருக்கு, ரோமானியக் காசைப் பார்த்து அடிச்ச மாதிரி. குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை என்று பேர்கள் வரிசையா வந்தது. இதையெல்லாம் சேர்த்து 1997-ல் சங்க காலத் தமிழ்க் காசுகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். இன்னொரு சுவாரசியம்: தமிழ்-பிராமி கல்வெட்டுகளின் பெரிய அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். தொழில்ல போட்டிப் பத்திரிகைகள், ஆனா ரெண்டு ஆசிரியர்களும் ஒரே எழுத்தைத்தான் படிச்சிட்டு இருந்தாங்க.

இப்போ நம்ம டிபார்ட்மென்ட் பக்கம் வருவோம். ஓசூர் சிப்காட்ல பிரஸ் ஷாப் பார்த்தவங்களுக்கு டை, பிளாங்க் தெரியும். நம்ம டையில பிளாங்க் நகராம இருக்க ஸ்டாப்பர் இருக்கும். அன்னைக்கு கையால வைச்சு சுத்தியலால ஒரே அடி. பல நேரம் டை பெருசு, செப்புத் துண்டு சின்னது. அதனால ஒரு காசுல 'பெரு' விழும், இன்னொண்ணுல கடைசி எழுத்து மட்டும் விழும். முழுப் பேரைப் படிக்க ஒரே மாதிரி பல காசுகளைப் பக்கத்துல வைச்சு ஒட்டிப் பார்க்கணும். சேகரிப்பாளர் அறிஞராகிற இடம் இதுதான். எண்ணிக்கை என்பது பெருமைக்கு இல்லை, டேட்டாவுக்கு.

இதுக்கு ஒரு மறுபக்கமும் இருக்கு. ஆத்து மணல்ல சலிச்சு வியாபாரி கைக்கு வந்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. எந்த ஆழத்துல, எது கூட கிடைச்சது என்று தெரியாததால எழுத்தோட வடிவத்தை வைச்சுத்தான் காலம் சொல்றாங்க, அதனால நூறு இருநூறு வருஷம் முன்னே பின்னே சண்டை இன்னும் ஓயலை. அகழாய்வு பண்றவங்க தனியார் சேகரிப்பு மேல கோபப்படுறது நியாயம்தான். ஆனா அந்தக் காசுகளை வாங்காம விட்டிருந்தா பல காசு பாத்திரக்கடை உலைக்குப் போயிருக்கும் என்பதும் நியாயம். என்னைக் கேட்டா, வாங்கினதைப் பூட்டி வைக்காம போட்டோவோட அச்சில் போட்டார் பாருங்க, அதுதான் வித்தியாசம். யார் வேணாலும் அவரோட வாசிப்பு தப்பு என்று வாதாடலாம்.

நம்ம தேன்கனிக்கோட்டைப் பக்கம் சங்க காலக் காசு கிடைக்குதோ இல்லையோ, யானை போட்ட செப்புக் காசு பல வீட்டுல இருக்க வாய்ப்பு உண்டு. 1799-ல் திப்பு விழுந்த பிறகுதான் இந்தப் பகுதி கம்பெனி கைக்குப் போனது, அதுவரை மைசூர்ச் சீமை. அப்படி ஒண்ணு இருந்தா புளி போட்டுத் தேய்க்காதீங்க, ஆசிட் பக்கமே போகாதீங்க. பாசி கூடவே எழுத்தும் போயிடும். ரெண்டு பக்கமும் ஸ்கேல் வைச்சு போட்டோ எடுங்க, லேப் தராசுல எடை போடுங்க, எந்த ஊர்ல யார் வழியா வந்தது என்று பெரியவங்களைக் கேட்டு எழுதி வைங்க. வயல்ல புதையலாவே கிடைச்சா கதை வேற: 1878-ம் வருஷச் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்கு எழுத்து மூலமா தெரிவிக்கணும். (ஆமாம், இன்னமும் பத்து ரூபாய்தான்.)

அப்புறம் அந்த யானைக்கு மேலே பாரசீக எண்கள் தெரியுதா பாருங்க. 1787 வாக்குல திப்பு புது ஆண்டுக் கணக்கு கொண்டுவந்து, எண்ணை வலமிருந்து இடமா எழுத வைச்சார். 5121 என்று தெரிஞ்சா பயப்படாதீங்க, அது 1215.