கோடு போட்ட களம் – 9: அசையாத கான்கிரீட்

பாஸ்டன் நகரில் சார்ல்ஸ் ஆற்றங்கரையில் குதிரை லாடம் போல் வளைந்து நிற்கும் ஹார்வர்டு ஸ்டேடியம் 1903இல் கட்டப்பட்டது. அதற்கு முன் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பார்வையாளர்கள் உட்கார்ந்தது பெரும்பாலும் மரப்பலகை அடுக்குகளில்தான். கூட்டம் பெருகினால் அவற்றை நீட்டலாம், வேண்டாமென்றால் பிரித்து அடுக்கலாம். தீப்பொறி விழுந்தால் ஒரே நாளில் சாம்பல். ஹார்வர்டு கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு மாறியது. 1879இல் பட்டம் பெற்ற மாணவர்கள் கூடிக் கொடுத்த 1 லட்சம் டாலரோடு மேலும் பணம் சேர்த்து, மொத்தம் சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம் டாலரில், ஐந்து மாதத்துக்குள் அரங்கம் எழுந்தது. அது நிற்கும் ‘சோல்ஜர்ஸ் ஃபீல்டு’ ஹென்றி லீ ஹிக்கின்சன் 1890இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நிலம். உள்நாட்டுப் போரில் மாண்ட அவருடைய நண்பர்களின் நினைவைத் தாங்கிய பெயர் அது. 1903 நவம்பர் 14 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் டார்ட்மத் அணி வந்து, ஹார்வர்டை அதன் புது வீட்டிலேயே 11–0 என்று தோற்கடித்துவிட்டுப் போனது.

1869இன் ரட்கர்ஸ்–பிரின்ஸ்டன் ஆட்டமும், யேலின் வால்டர் கேம்ப் களத்தில் கோடு போட்ட கதையும் இந்தத் தொடரில் முன்பே வந்தவை. இங்கே தேவைப்படுவது ஒன்றே ஒன்று: கேம்ப் வகுத்த விதிப்படி மூன்று முயற்சிகளுக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும், பந்தை முன்னால் எறியக் கூடாது.

இந்த விதிக்குள்ளேயே ஆபத்து இருந்தது. ஒரு முயற்சிக்கு இரண்டு கெஜம் நகர்ந்தால் போதும் என்கிறபோது ஓரமாகச் சுற்றி ஓடுவானேன்? பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கைகோத்து, எதிரணியின் நடுவில் மொத்தமாக முட்டினார்கள். தலைக்கவசம் கட்டாயமில்லை. 1905 பருவத்தில் இறந்தவர்கள் 18 பேர் என்று ‘சிகாகோ ட்ரிப்யூன்’ கணக்கிட்டது. 19 என்போரும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பள்ளிச் சிறுவர்கள். அந்த அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். டிசம்பர் 28 அன்று நியூயார்க்கில் 62 கல்லூரிகள் கூடின. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் இன்றைய என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பிறப்பு அதுதான்.

விதிகளைத் திருத்த உட்கார்ந்த குழுவில் ஹார்வர்டின் குரல் பில் ரீட். 26 வயதில் அந்த அணிக்கு மீண்டும் பயிற்சியாளரானவர். ஆண்டுச் சம்பளம் 7,000 டாலர். ஹார்வர்டில் எந்தப் பேராசிரியரும் வாங்காத தொகை. கால்பந்தைக் கண்டாலே ஆகாதவர் பல்கலைக்கழகத்தின் தலைவர் சார்ல்ஸ் எலியட். விதிகள் மாறாவிட்டால் ஆட்டத்தையே கைவிடுவோம் என்ற ஹார்வர்டின் மிரட்டலை ரீட் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்.

கேம்பின் யோசனை இது: 5 கெஜத்தை 10 ஆக்குவது, களத்தை 40 அடி அகலப்படுத்துவது. 160 அடிக் களம் 200 அடியானால் ஓரங்களில் ஓட இடம் கிடைக்கும், நடுவில் முட்டுவது குறையும். கணக்கு சரிதான். ஆனால் ஹார்வர்டு ஸ்டேடியத்துக்குள் அந்த 40 அடி இல்லை. மரப்பலகை என்றால் பெயர்த்து நகர்த்தியிருப்பார்கள். கட்டி மூன்று வருடம்கூட ஆகாத கான்கிரீட்டை யார் உடைப்பது? யோசனை விழுந்தது. 10 கெஜம் மட்டும் நின்றது. அதோடு, கேம்புக்குப் பிடிக்காத ஒன்று உள்ளே வந்தது: பந்தை முன்னோக்கி எறியும் ‘ஃபார்வர்டு பாஸ்’.

அமெரிக்கக் கால்பந்தின் முகத்தை மாற்றிய பாஸைப் பெற்றெடுத்ததே ஒரு கான்கிரீட் சுவர்தான் என்று இதைச் சுருக்கிச் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது; முழு உண்மை இல்லை. பாஸை அனுமதிக்கச் சொல்லிப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் சில ஆண்டுகளாகவே கேம்பை நச்சரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த எண்ணம் வந்த இடம் 1895இல் அட்லாண்டாவில் நடந்த வட கரோலினா–ஜார்ஜியா ஆட்டம். உதைப்பதற்காகப் பின்வாங்கிய வட கரோலினாக்காரர், ஜார்ஜியா ஆட்கள் நெருக்கியடித்து வரவே, வேறு வழியில்லாமல் பந்தை முன்னால் எறிந்தார். கூட்டாளி ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடி டச்டவுன் வைத்தார். விதிப்படி அது செல்லாது. ஜார்ஜியாவின் பயிற்சியாளர் சண்டைக்குப் போனார். நடுவரோ, பந்தை எறிந்ததைத் தாம் பார்க்கவில்லை என்றார், அத்தோடு முடிந்தது. 6–0, வட கரோலினாவுக்கு வெற்றி. சண்டைக்குப் போன 24 வயதுப் பயிற்சியாளரின் பெயர் பாப் வார்னர். பின்னாளில் கார்லைல் அணியைப் பாஸில் பழக்கி வென்றவரும் அவரே.

1906இல் பாஸ் வந்தபோது கையைக் கட்டித்தான் விட்டார்கள். பந்து புறப்பட்ட இடத்திலிருந்து பக்கவாட்டில் 5 கெஜமாவது தள்ளி எறிய வேண்டும். யார் கையும் படாமல் தரையில் விழுந்தால் பந்து எதிரணிக்கு. அந்த 5 கெஜத்தை நடுவர் எப்படி அளப்பார்? குறுக்கே ஓடிய சுண்ணாம்புக் கோடுகளோடு நெடுக்கேயும் ஓடிய கோடுகளைக் கொண்டு. களம் சதுரங்கப் பலகைபோல் இருந்தது.

செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் எடி கோச்செம்ஸ் அந்தக் கோடையில் தம் ஆட்களை விஸ்கான்சினின் பியூலா ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாஸ் ஒன்றையே பழக்கினார். செப்டம்பர் 5 அன்று கரோல் கல்லூரிக்கு எதிராக பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸ் தரையில் விழுந்தது, பந்து பறிபோனது. அடுத்ததை ஜாக் ஷ்னைடர் பிடித்து 20 கெஜ டச்டவுன் ஆக்கினார். 22–0. அந்தப் பருவத்தின் 11 ஆட்டங்களிலும் வென்ற செயின்ட் லூயிஸ் எடுத்த புள்ளிகள் 407, கொடுத்தவை 11. ராபின்சன் பிறகு மருத்துவரானார். மிச்சிகனில் இன்னொரு செயின்ட் லூயிஸ் இருக்கிறது, அந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார்.

கிழக்கின் பெரிய கல்லூரிகள் பாஸை நம்பப் பல வருடங்கள் ஆயின. நெடுக்குக் கோடுகள் 1910இல் அழிந்தன. 1912இல் 110 கெஜ நீளம் 100 ஆகி, இரு முனையிலும் 10 கெஜப் பட்டை சேர்ந்தது. அகலத்தில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை. இன்றும் 160 அடிதான்.

இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்த வார்னரும் கார்லைல் அணியும் அடுத்த இதழில்.